மொஸ்மன் ஆயரும் எமது கடல்கொண்ட நாடும்

சிட்னியில் எமது சனங்களின் விழா மேடைகளில் ஏறுகிறவர்களிற் பாதிப்பேராவது குமரிக்கண்டத்தைத் தொடாமல் இறங்குவதில்லை. மடகாஸ்கரிலிருந்து அவுஸ்திரேலியா வரை நீண்டு கிடந்த பெருநிலம், அதிலே நாற்பத்தொன்பது நாடுகள், ஒருநாள் கடல் பொங்கிற்று, மிஞ்சியவர்கள் நாம். கைதட்டல். இப்போது இதற்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது: நாம் இந்த நாட்டுக்கு வந்தவர்களே அல்லராம், திரும்பி வந்தவர்களாம்! விசாக் கடிதத்தை எதிர்பார்த்துத் தபாற்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இது எவ்வளவு இனிப்பான பேச்சு என்பது எமக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இந்த மேடைகளில் சுவரொட்டியாகத் தொங்கும் அந்த வரைபடம் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், அந்தப் பாதையில் நிற்கும் ஓர் ஆள் இதே சிட்னியில் ஏறத்தாழப் பதினைந்து வருடம் குடியிருந்த ஆங்கிலேயர் என்பது தெரியவரும். துறைமுகத்துக்கு வடக்கே மொஸ்மனில் அவர் இருந்த 'மனர்' என்ற பெரிய வீடு இன்றும் நிற்கிறது.

சாள்ஸ் வெப்ஸ்ரர் லெட்பீற்றர். பிரம்மஞான சபைக்காரர். ஞானதிருஷ்டி உடையவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர், முப்பதுக்கு மேற்பட்ட நூல்களின் ஆசிரியர், கடைசிக் காலத்தில் லிபரல் கத்தோலிக்க திருச்சபையின் ஆயர். அவரைப் பற்றிக் கிரகரி ரில்லற் எழுதிய வாழ்க்கை வரலாறு 1982 இல் வந்தது. கோப்பை கழுவி முடித்த இரவுகளிலும் திங்கட்கிழமை லீவுகளிலும் அதை வாசித்து முடித்தபோது, இது வெள்ளைக்காரரின் விசித்திரக் கதை மட்டுமல்ல, எமது வீட்டுக் கதையும் இதற்குள் கிடக்கிறது என்று பட்டது. ஆகவே இந்தக் குறிப்பு.

முதலில் ரில்லற் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லெட்பீற்றர் தான் 1847 இற் பிறந்ததாகவும், சிறுவயதிற் குடும்பத்தோடு பிரேஸிலுக்குப் போனதாகவும், அங்கே தன் தம்பி கலகக்காரராற் கொல்லப்பட்டதாகவும் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். ரில்லற் பதிவேடுகளைப் புரட்டினார். பிறந்தது 1854, ஸ்ரொக்போட் என்ற ஊரில். பிரேஸிலுக்குச் சான்று இல்லை. அப்படி ஒரு தம்பிக்கும் சான்று இல்லை. பல கோடி வருடத்து முற்பிறவிகளையெல்லாம் ஆகாசப் பதிவுகளிற் பிழையில்லாமல் வாசித்தவரின் சொந்தப் பிறந்த திகதி ஏழு வருடம் தள்ளி நிற்கிறது! அகதி விண்ணப்பத்தில் ஒரு மாதம் மாறியதற்காக மூன்று தரம் விசாரிக்கப்பட்ட எம்மவர்கள் இந்த இடத்திற் சிரிக்காமல் இருக்க ஏலாது.

இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவராக 1879 இற் பட்டம் பெற்று, ஹம்ஷயரில் ஒரு கிராமத்துக் கோயிலிற் பணியாற்றியவர், 1883 இற் சபையிற் சேர்ந்தார். அடுத்த வருடமே பிளவட்ஸ்கி அம்மையாரோடு கப்பலேறினார். வழியிற் கொழும்பிற் பஞ்சசீலம் எடுத்துப் பௌத்தரானார். 1886 நவம்பரில் கொழும்புப் புறக்கோட்டையில் 37 மாணவர்களோடு தொடங்கிய பௌத்த ஆங்கிலப் பாடசாலைக்கு முதல் அதிபர் இவரே. அதுதான் பின்னர் ஆனந்தாக் கல்லூரி. ஆம், அந்த ஆனந்தாக் கல்லூரிதான்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். கேணல் ஒல்கொட்டும் அவரது கூட்டத்தாரும் இலங்கையிற் செய்ததை நாம் கொச்சைப்படுத்த வரவில்லை. மிஷனரிமாரின் பிடிக்குள் இருந்த பள்ளிக்கூடங்களுக்கு எதிராகப் பௌத்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டித்தான் இருந்தது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் இதே தேவையை உணர்ந்தவர். (அவருக்கு அதற்கு ஒரு வெள்ளைக்காரர் தேவைப்படவில்லை என்பது வேறு கதை.) ஆனால் பள்ளிக்கூடத்தோடு இன்னொன்றும் வந்தது. உங்கள் சமயம் ஆதியானது, உங்கள் இனம் 'ஆரிய' இனம், உங்கள் பழம்பெருமையை நீங்கள் மறந்துபோனீர்கள், நாங்கள் நினைவூட்டுகிறோம் என்கிற பேச்சு. டேவிட் ஹேவவிதாரண என்ற இளைஞரைப் பாளி படி என்று தூண்டியவர் பிளவட்ஸ்கி. அந்த இளைஞர் அநகாரிக தர்மபால ஆனார். சபையோடு பின்னர் முறித்துக்கொண்டார். ஆனால் 'ஆரிய சிங்களவர்' என்ற சொல்லை அவர் முறிக்கவில்லை. ஆரியக் கதைக்குச் சபை மட்டும் காரணமல்ல, ஐரோப்பிய மொழியியலாளர்கள் முன்பே அதைக் கடைபரப்பியிருந்தார்கள். என்றாலும் அதைக் கோயில் மணியோடு சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவந்ததிற் சபைக்குப் பங்கு உண்டு.

இனி எமது பக்கம்.

லெமூரியா என்ற பெயரை 1864 இல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியலாளர். லெமூர் எனப்படும் தேவாங்கு இனத்துப் பிராணிகள் மடகாஸ்கரிலும், அவற்றின் உறவினங்கள் இந்தியாவிலும் எப்படி வந்தன என்பதற்கு அவர் சொன்ன ஊகம் அது. இடையில் ஒரு நிலம் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அந்த ஊகத்தைப் பிளவட்ஸ்கி எடுத்து, மனிதகுலத்தின் மூன்றாவது 'மூல இனம்' வாழ்ந்த கண்டமாக்கினார். 1904 இல் ஸ்கொட் எலியற் என்ற சபைக்காரர் 'மறைந்த லெமூரியா' என்ற நூலை வரைபடங்களோடு வெளியிட்டார். அவருக்கு ஞானதிருஷ்டியில் விபரங்களை எடுத்துக் கொடுத்தவர் லெட்பீற்றர் என்பதைச் சபை வட்டாரமே ஒப்புக்கொண்டது.

அந்த நூலில் வரும் லெமூரியர் எப்படிப்பட்டவர்? பன்னிரண்டு முதல் பதினைந்து அடி உயரம். கரிய மேனி. தட்டை முகம். கண்கள் பக்கவாட்டிற் பார்க்கக்கூடியதாகத் தள்ளி நிற்கின்றன. தலைக்குப் பின்னால் ஒரு மூன்றாங்கண். குதிக்கால் பின்புறமாக நீண்டிருப்பதால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரேமாதிரி நடப்பார். கையிற் கயிறு, கயிற்றின் மறுமுனையிற் பழங்காலத்து ராட்சதப் பல்லி ஒன்று, நாயைப்போல. இவருடைய எச்சமாகச் சபையார் காட்டியவர்களில் அவுஸ்திரேலியப் பூர்வகுடிகளும் அடக்கம். ஏணியின் அடிப்படியில் அவர்கள், மேற்படியில் ஆரியர்.

எம்மவர் இந்த லெமூரியாவை எடுத்தபோது என்ன செய்தார்கள்? நிலத்தை வைத்துக்கொண்டு ஆளை மாற்றினார்கள். பல்லியோடு நின்ற கரிய பூதம் வெளியே போயிற்று, சங்கப் புலவர் உள்ளே வந்தார். சிலப்பதிகாரத்திலும் உரைகளிலும் கடல்கொண்ட நிலம் பற்றிய குறிப்பு உண்டு, அதை எவரும் மறுக்கமுடியாது. பஃறுளியாறும் குமரிக்கோடும் எமது மரபின் உண்மையான நினைவுகள். அடியார்க்குநல்லார் நாற்பத்தொன்பது நாடுகளை எண்ணிச் சொல்கிறார். ஆனால் மடகாஸ்கர்வரை நீளும் கண்டத்தை அவர் சொல்லவில்லை. அது ஸ்கிளேற்றரின் ஊகத்தையும் சபையாரின் 'காட்சி'யையும் தையல் போட்டு ஒட்டியது. 1941 இல் வந்த கா. அப்பாத்துரையாரின் குமரிக்கண்ட நூல், புவியியலாளர் கூற்றுக்குப் பக்கத்திலேயே பிரம்மஞான சபையாரின் கூற்றையும் சான்றாக வைக்கிறது. சுமதி ராமசாமி 2004 இல் எழுதிய ஆய்வு நூலில் இந்தத் தையல்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். அப்பாத்துரையார் நேர்மையாக இன்னார் சொன்னது என்று எழுதினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயர்களைத் தட்டிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வருவது அந்த மிச்சம்.

கண்டங்கள் நகருகின்றன என்பது 1960களிலேயே நிலைபெற்றுவிட்டது. தேவாங்குக்குப் பாலம் தேவையில்லை. எமக்கும்தான் எதற்கு? கீழடியில் மண்ணை வெட்டி எடுத்த எழுத்துப் பொறித்த ஓடு ஒன்று, இந்த முழுக் கண்டத்தையும்விடக் கனதியானது. இருந்தும் சனங்கள் ஏன் கண்டத்தைக் கேட்கிறார்கள் என்பது விளங்காமலில்லை. வலிகாமம் வடக்கிற் காணியை இழந்தவர், வன்னியில் வீட்டை இழந்தவர், 2009 இல் ஒரு கடற்கரையில் எல்லாவற்றையும் இழந்தவர், அந்த இழப்புக்கு ஓர் அளவு தேடுகிறார். கடல் கொண்டது என்று சொன்னால் யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை, கணக்குக் கேட்கத் தேவையில்லை. எமது காணிகளைக் கடல் கொள்ளவில்லை. அவற்றுக்கு உறுதி உண்டு, உறுதியிற் பெயர் உண்டு, எடுத்தவருக்கும் பெயர் உண்டு.

ஒரே கடையிலிருந்து சிங்களவருக்கு ஆரியமும் எமக்கு லெமூரியாவும் கிடைத்தன என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. இரண்டு பொதியையும் அந்தக் கடை வழியாகத்தான் அனுப்பினார்கள் என்று சொன்னால் மிகையல்ல.

லெட்பீற்றரின் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாயாவாதி என்றால் புகைமூட்டமாக எழுதுவார் என்று நினைப்போம். பிளவட்ஸ்கி அப்படித்தான், தலைவலி வரும். லெட்பீற்றரோ ரயில் நேரசூசி எழுதுகிறவரைப்போல எழுதுகிறார். மறுவுலகில் இத்தனை தளங்கள், இந்தத் தளத்தில் இன்னார், இந்த நிறம் கோபம், அந்த நிறம் பக்தி. சந்தேகத்தின் சாயலே இல்லாத தெளிவு. அவரது வெற்றியின் இரகசியம் இதுதான் என்பது எமது எண்ணம். அவரும் பெசன்ற் அம்மையாரும் சேர்ந்து எழுதிய 'எண்ண வடிவங்கள்' நூலின் வர்ணப் படங்கள் காண்டின்ஸ்கி போன்ற ஓவியரையே பாதித்தன. அதை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

1927 இல் வந்த 'சக்கரங்கள்' நூலின் கதை இன்னும் சுவையானது. இன்று சிட்னியின் யோகா நிலையச் சுவர்களில் தொங்கும் சக்கரப் படங்களின் முன்னோர்களில் அந்த நூலும் ஒன்று. எமது தந்திர மரபு சொல்லும் சுவாதிட்டானத்தை லெட்பீற்றர் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மண்ணீரலில் ஒரு சக்கரத்தை வைத்தார். காரணம், சுவாதிட்டானத்தை எழுப்புவது ஆபத்தாம். அது எதனோடு தொடர்புடைய சக்கரம் என்பதும், இந்த மனிதர் எந்த விஷயத்திற் குற்றஞ்சாட்டப்பட்டவர் என்பதும் சேர்ந்து யோசிக்கத்தக்கவை.

அதற்கு வருவோம். 1906 இல் அமெரிக்கச் சபையைச் சேர்ந்த பெற்றோர் சிலர், தமது பையன்களுக்கு இவர் பாலியல் விடயத்திற் கொடுத்த 'ஆலோசனை' பற்றி முறையிட்டார்கள். ஆலோசனை கொடுத்ததை அவர் ஒப்புக்கொண்டார், மற்றவற்றை மறுத்தார், சபையிலிருந்து விலகினார். 1907 இல் அன்னி பெசன்ற் தலைவியானார். 1908 இறுதியில் இவர் திரும்பச் சேர்க்கப்பட்டார். 1909 இல் அடையாற்றுக் கடற்கரையில் ஒரு மெலிந்த பையனைக் கண்டு, இவனே வரப்போகும் உலக ஆசான் என்றார். பையன் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. தகப்பன் நாராயணையா, அரச சேவையில் ஓய்வுபெற்றுச் சபையில் எழுத்து வேலை பார்த்தவர், தாயில்லாப் பிள்ளைகளோடு வந்தவர்.

உலக ஆசானின் கதையை உலகம் பலமுறை சொல்லிவிட்டது. எமக்கு அந்தத் தகப்பனின் கதைதான் முக்கியமாகப் படுகிறது. முதலிற் கையெழுத்துப் போட்டு இரண்டு பையன்களையும் பெசன்ற் அம்மையாரின் பொறுப்பில் விட்டவர் அவரே. லெட்பீற்றர் பற்றிய பயம் பிடித்ததும் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1912 இல் வழக்குப் போட்டார். அவர் பக்கம் வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். 1913 இற் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பேக்வெல், லெட்பீற்றரின் கருத்துகள் பையன்களுக்கு ஆசிரியராக இருக்கத் தகாதவராக அவரை ஆக்குகின்றன என்று கூறி, பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்னார். மேன்முறையீட்டிலும் தகப்பன் வென்றார். ஆனால் வழக்கு லண்டனுக்குப் போயிற்று. 1914 மே மாதம் பிரிவி கவுன்சில் சட்ட நுணுக்கத்தின் மேல் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. ஊரில் வென்று, கடல் கடந்த கோட்டிலே தோற்ற ஒரு குமாஸ்தா. அவருக்கு ஞானதிருஷ்டி இல்லை, ஆங்கில நண்பர்கள் இல்லை. பிள்ளையை அனுப்பிவிட்டோம், திரும்பக் கேட்க முடியவில்லை என்ற ஒரே முறைப்பாடுதான் இருந்தது.

எந்த நீதிமன்றமும் லெட்பீற்றரைக் குற்றவாளி என்று தண்டிக்கவில்லை. 1922 இல் சிட்னிப் பொலிஸாரும் விசாரித்துவிட்டு வழக்குத் தொடரவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. குற்றச்சாட்டு வந்த ஒவ்வொரு தடவையும் ஏன் பையன்கள் மேலும் மேலும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டார்கள்? பெசன்ற் அம்மையார் முட்டாள் அல்லர். இந்திய சுயாட்சிக்குச் சிறை வைக்கப்பட்டவர், தொழிலாளப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தவர். பெரிய காரியம் கெட்டுவிடும் என்ற ஒரே பயம் அவரை மூடிவிட்டது. 'பெரிய காரியம்' என்ற சொல்லைக் கேட்டதும் எமது சங்கங்களின் கூட்ட அறைகள் சில ஞாபகம் வருகின்றன. மேற்கொண்டு எழுதவில்லை, வாசகருக்கு விளங்கும்.

பாரதியார் அப்போதே இதைக் கண்டுகொண்டார். 1914 இற் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட 'பொன்வால் நரி' பெசன்ற் அம்மையாரையும் சபையையும் பற்றிய பகிடிக்கதை. எமது பாரதி விழாக்களில் இதைப்பற்றி ஒருவரும் கதைக்கக் கேட்டதில்லை.

லெட்பீற்றர் 1915 இற் சிட்னியில் வந்து குடியேறினார். அடுத்த வருடம் ஆயரானார். 1922 இல் மொஸ்மன் மனருக்குப் போனார். இந்த நாட்டிலே மனிதகுலத்தின் அடுத்த உப இனம் உருவாகப்போகிறது என்று உரையாற்றினார். 1901 ஆம் வருடக் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் எம்போன்ற நிறத்தாரைத் துறைமுகத்திலேயே நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. இன, நிற பேதமற்ற சகோதரத்துவம் சபையின் முதற் கொள்கை. அந்தக் கொள்கையோடு 'புதிய உப இனம்' எப்படி ஒரே மேடையில் இருந்தது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

பல்மோரல் கடற்கரையின் எட்வர்ட்ஸ் பீச்சில் 1924 இல் நட்சத்திர அரங்கு எழுந்தது. டொக்டர் மேரி றொக் என்ற அம்மையாரின் முயற்சி. இரண்டாயிரம் பேருக்கு மேல் இருக்கலாம், துறைமுக வாயிலைப் பார்த்த படிவரிசை. கிறிஸ்துநாதர் அந்த வாயிலால் தண்ணீர்மேல் நடந்து வருவதைப் பார்க்க ஆசனம் விற்றார்கள் என்று சிட்னியில் இன்றும் சொல்வார்கள். கட்டுக்கதை. அவர்கள் எதிர்பார்த்தது கிருஷ்ணமூர்த்தியின் வாயாற் பேசப்போகும் ஆசானை. ஆனாலும் கடலால் வருகிற ஒருவருக்காகப் படிக்கட்டுக் கட்டிய நகரம் இது. 2013 ஜூலையில், கடலால் வருகிற எவரும் இனிமேல் இங்கே குடியேற முடியாது என்று இந்த நாட்டின் பிரதமர் அறிவித்தார். நாம் அதற்கு ஒரு வருடம் முந்தி வந்தவர்கள், தப்பினோம் என்றும் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

1925 இல் கிருஷ்ணமூர்த்தியின் தம்பி நித்தியானந்தா கலிபோர்னியாவிற் சயரோகத்தில் இறந்தார். அவன் சாகமாட்டான் என்று 'மகாத்மாக்கள்' உறுதி சொன்னதாக நம்பவைக்கப்பட்டிருந்தது. 1929 ஓகஸ்ற் 3 இல் கிருஷ்ணமூர்த்தி தனக்காக அமைக்கப்பட்ட நட்சத்திர இயக்கத்தை ஒல்லாந்தில் வைத்துக் கலைத்தார். தன்னைச் சுற்றி எழுப்பப்பட்ட கோயிலைத் தானே இடித்த தெய்வம் வேறு இருக்கிறதா தெரியாது. லெட்பீற்றர் 1934 இற் பேர்த்தில் இறந்தார். அரங்கு கைமாறி, 1951 இல் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் மாடிவீடுகள் வந்தன.

சபையின் மற்றக் குழந்தை வானொலி. 1926 இல் மனரிலிருந்து தொடங்கிய 2ஜி.பி. நிலையத்தின் இரண்டு எழுத்தும் ஜியோர்டானோ புரூனோவைக் குறிக்கும். மதவாதிகள் உயிரோடு எரித்த அந்தச் சிந்தனையாளர் முற்பிறவியிற் தானே என்பது பெசன்ற் அம்மையாரின் நம்பிக்கை. நிலையம் பின்னர் வேறு கைகளுக்குப் போயிற்று. 2005 குரோனுல்லாக் கலவரத்துக்கு முன்பு அதில் ஒலிபரப்பான பேச்சுகள் வன்முறையைத் தூண்டக்கூடியவை, லெபனான் பின்னணியினரை இழிவுபடுத்தியவை என்று 2007 இல் ஒலிபரப்பு அதிகாரசபை கண்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை, பாவம் புரூனோ.

குரௌலியைப் பற்றி எழுதாமல் லெட்பீற்றரை எழுதியதற்குச் சிலர் கோபிக்கலாம். ஆங்கில மந்திரவாதி என்றதும் உலகம் நினைப்பது அலிஸ்ரர் குரௌலியைத்தான். அவருக்கு லெட்பீற்றரைக் கண்ணிற் காட்டக்கூடாது. ஆனால் அவருக்கும் எம்மிடம் ஒரு கடன் உண்டு. 1901 இல் கண்டியில் அவருக்கு யோகம் பழக்கியவர் அலன் பெனற் என்ற நண்பர். பெனற் அதைக் கற்றது, அப்போது சொலிசிற்றர் ஜெனரலாயிருந்த பொன்னம்பலம் இராமநாதனிடம், அவர் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தபடி. அந்த இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வந்தது. நாம் இரண்டு வருடம் படித்துவிட்டு இடையில் விட்டு வந்ததும் அங்கேதான். அந்த மண்டபங்களில் இந்தச் செய்தியை எவரும் எமக்குச் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று. லெட்பீற்றரின் மாணவரும் சகாவுமான ஜோர்ஜ் அருண்டேல் 1920களிற் சிட்னியிற் சபையை நடத்தியவர். அவர் மனைவி ருக்மணிதேவி. அவுஸ்திரேலியா நோக்கிய கப்பற் பயணத்தில் அன்னா பவ்லோவாவோடு ஏற்பட்ட நட்பே அவரை நடனத்துக்குத் திருப்பியது. 1936 இல் அடையாற்றிற் கலாக்ஷேத்திரம் பிறந்தது. தேவரடியார் வீட்டுப் பெண்களின் சதிர், பெயர் மாறி, 'தூய்மை'யாகி, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆடும் பரதநாட்டியமாயிற்று. இன்று வென்ற்வேர்த்வில்லிலும் ஹோம்புஷிலும் எமது பிள்ளைகள் ஆடுவதிற் பெரும்பகுதி அந்த வழி வந்தது. அரங்கேற்ற மண்டபங்களின் பின்பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை இறக்கிக்கொண்டே நாம் அதைப் பார்த்திருக்கிறோம், வடிவாகத்தான் இருக்கிறது. சுவாதிட்டானத்தை எடுத்துவிட்டு மண்ணீரலை வைத்த அதே கைதானா சதிரிலும் வேலை செய்தது என்று ஒரு கேள்வி மட்டும் மனதில் ஓடும். ருக்மணிதேவியை அப்படி ஒரே வரியில் அடக்குவது அநியாயம் என்பதும் தெரியும். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட கலைஞர் அவர்.

ரில்லற் 1986 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேடு எவரும் படிக்கக் கிடைக்கிறது. அப்பாத்துரையாரின் நூலையும் ஸ்கொட் எலியற்றின் நூலையும் பக்கத்திற் பக்கம் வைத்து, எது எங்கிருந்து வந்தது, எது விடப்பட்டது என்று வரி வரியாக ஒருவர் எழுதவேண்டும். நாராயணையாவின் வழக்கை முழுதாகத் தமிழில் இன்னொருவர் எழுதவேண்டும். படிப்பை முடித்தவர்கள் எம் வாசகர்களில் இருக்கிறார்கள். எமக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் லீவு.